சங்கத்தில் சேரும் முன் கேட்க வேண்டியவை

காரைக்குடியில் தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை போட்டு விற்கிறேன். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் எந்தச் சங்கத்தில் சேரலாம் என்று என்னைக் கேட்பார்கள்.

முதலில் சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உதயம் பதிவை முடித்துவிடுங்கள். ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. காசு கேட்கிற தரகரைத் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், உங்கள் தேவை எது? கடைத்தெருவில் வாடகை, குப்பை, பார்க்கிங் என்று தகராறு வந்தால் உள்ளூர் வணிகர் சங்கம்தான் கூட வந்து நிற்கும். சரக்கு வெளியூர் போக வேண்டுமானால் மதுரையைப் பாருங்கள். 1924-இல் தொடங்கிய தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கமும், சிறுதொழில்களுக்கான மடீட்சியா என்ற சங்கமும் அங்கேதான் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே நாளில் சேர வேண்டாம். ஒரு வருடச் சந்தா கட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததை யோசிக்கலாம்.

சந்தா கட்டும் முன் சங்கத்தின் துணை விதிகளையும், போன வருடத் தணிக்கை அறிக்கையையும் கேளுங்கள். உறுப்பினர்கள் எல்லாரும் கூடும் மகாசபை கடைசியாக எப்போது நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்றும் விசாரியுங்கள். இதற்கு முகம் சுளிக்கிற செயலாளரிடம் பணம் கொடுக்காதீர்கள், அவர் சொந்தக்காரராகவே இருந்தாலும் சரி. நம்மூரில் பெரும்பாலும் சொந்தக்காரராகத்தான் இருப்பார்!

சேர்ந்த பிறகு மேடையில் மாலை வாங்க அலையாமல், கண்காட்சிக் குழுவில் பெயர் கொடுங்கள். பேக்கிங் மெஷின்காரர், லாரி புக்கிங்காரர், மொத்த எண்ணெய் வியாபாரி எல்லாரும் பழக்கமாவது அங்கேதான். சந்தா கட்டிய ரசீதை மட்டும் கேட்டு வாங்கி, ஆடிட்டருக்கான கோப்பில் போட்டு வையுங்கள்.