தாமிரபரணி ஆய்வை இதழுக்கு அனுப்பும் முன்

பாளையங்கோட்டையில் என்னிடம் பொருளியல் படிக்கும் பிள்ளைகள் பலர் ஆய்வுக் கட்டுரையைப் பொருநையின் பெருமையிலிருந்து தொடங்குகிறார்கள். அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். முதலில் கேள்வி வரட்டும்: ஆற்றில் கழிவுநீர் கலப்பதை நிறுத்த, சீவலப்பேரியில் ஒரு குடும்பம் மாதம் எவ்வளவு தரச் சம்மதிக்கும்?

"எவ்வளவு தருவீர்கள்?" என்று வெறுமனே கேட்காதீர்கள். ஒரு தொகையைச் சொல்லி, சம்மதமா இல்லையா என்று கேளுங்கள். வீட்டுக்கு வீடு தொகையை மாற்றுங்கள். 1993இல் அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிர்வாகம் (நோவா) அமைத்த நிபுணர் குழு பரிந்துரைத்ததும் இந்த வகைக் கேள்வியைத்தான். "கழிவை விடுதவன் கட்டட்டும், நான் எதுக்குலே குடுக்கணும்?" என்று ஒரு பெரியவர் மறுத்தால், அவருக்கு ஆறு வேண்டாம் என்று பொருளல்ல. அது எதிர்ப்பு. சும்மா பூஜ்யம் போடாமல் தனியாகக் குறியுங்கள், காரணத்தோடு. என்னைக் கேட்டால் கட்டுரையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் இதழ். இந்தியச் சூழலியல் பொருளியல் சங்கத்தின் ஆய்விதழை முதலில் பாருங்கள். யாரும் இலவசமாகப் படிக்கலாம். பணம் கட்டினால் மூன்றே நாளில் வெளியிடுகிறோம் என்பவர்கள் பக்கம் போகவே வேண்டாம். பொருளியல் கட்டுரைகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் ஜே.இ.எல். குறியீடு கேட்டால் க்யூ25 (நீர்), க்யூ51 (சுற்றுச்சூழல் விளைவுகளின் மதிப்பீடு) பொருந்தும். ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது. மதிப்பீட்டாளர் குறிப்புகள் வந்ததும் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எந்தப் பக்கத்தில் என்ன திருத்தினீர்கள் என்று பதில் எழுதுங்கள்.