ஆடை நிறுவனத்தின் விநியோகச் சங்கிலியைப் பசுமையாக்க எங்கிருந்து தொடங்குவது?

பசுமையாக மாற முடிவெடுக்கும் ஆடை நிறுவனங்கள் பல, அட்டைப் பெட்டியையும் பாலித்தீன் உறையையும் மாற்றுவதில்தான் தொடங்குகின்றன. அது எளிது, கண்ணுக்கும் தெரியும். ஆனால் தண்ணீரும் நீராவியும் ரசாயனமும் கொட்டித் தீரும் இடம் சாயப்பட்டறை என்பதால், முதல் வேலையை அங்கே வைத்துக்கொள்வதே சரி.

அதற்கு முன், உங்கள் துணி எந்தப் பட்டறையில் சாயமேறுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதிகம் விற்கும் ஓர் ஆடையை எடுத்துக்கொண்டு, தையலிலிருந்து பின்னோக்கிச் சாயம், நெசவு அல்லது பின்னல், நூற்பு, ஜின்னிங் (பஞ்சிலிருந்து விதையைப் பிரித்தல்) என ஒவ்வொரு கட்டத்தையும் செய்யும் ஆலையின் பெயரையும் முகவரியையும், சரக்குத் தொகுதியைக் குறிக்கும் லாட் எண்ணையும் ஒரே தாளில் எழுதுங்கள். இடைத்தரகர் வழியாக வாங்கிய துணியென்றால் இரண்டாம் வரியிலேயே தாள் நின்றுவிடக்கூடும். அந்த இடைவெளியை நிரப்பிய பிறகே அடுத்த ஆடைக்குச் செல்லுங்கள்.

சாயப்பட்டறையிடம் முதலில் கேட்க வேண்டியது, ஒரு கிலோ துணிக்கு ஒரு குளியலில், அதாவது துணியை முக்கும் சாயக்கரைசலில், எத்தனை லிட்டர் நீர் என்பதே. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிமுறையில் பிணையும் சாயம்) ஏற்றும்போது, சாயம் இழையில் ஏற உதவும் உப்பைக் குளியல்நீரின் லிட்டர் கணக்கில்தான் சேர்ப்பார்கள். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் என்று வைத்துக்கொண்டால், 1:10 விகிதத்தில், அதாவது ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் நீரில், 600 கிராம் உப்பு செல்லும். அதையே 1:6 ஆக்கினால் 360 கிராம் போதும். இந்த உப்பு துணியில் தங்குவதில்லை, கழிவுநீரோடுதான் வெளியேறுகிறது. உயிரியல் சுத்திகரிப்பு அதை நீக்காது. எதிர் சவ்வூடு பரவலும் (ஆர்.ஓ.) ஆவியாக்கலும் தேவைப்படும், இரண்டுமே ஆற்றலை விழுங்குபவை. ஆகவே சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்வையிடுவதற்கு முன் குளியலின் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். வெளுப்புக்குப் பின் எஞ்சும் பெராக்சைடை கேட்டலேஸ் நொதியால் நீக்கினால் சில அலசல்களும் மிச்சமாகும்.

மறுசாயம் என்ற விரயத்தில் வாங்குபவருக்கும் பங்குண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். ஷேடுக்கு (மாதிரித் துணியின் நிறச்சாயலுக்கு) ஒப்புதல் தரப் பத்து நாள் தாமதித்துவிட்டு, அனுப்பும் தேதியை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தால், அவசரத்தில் நிறம் பிசகி அதே துணி மீண்டும் குளியலுக்குள் போகும். கப்பலில் போக வேண்டிய சரக்கு, பல மடங்கு கரியமில வாயுவை வெளியேற்றும் விமானத்தில் ஏறும். ஒப்புதலுக்கான கடைசி நாளைக் கொள்முதல் ஆணையிலேயே எழுதி, அதற்கு நீங்களும் கட்டுப்படுங்கள்.

சான்றிதழ்களைப் பிரித்துப் படியுங்கள். ஓயிகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100, பொருளில் தீங்கான ரசாயனம் உள்ளதா என்று சோதிப்பது. இழை இயற்கை வேளாண்மையில் விளைந்தது என்பதற்கு அது அத்தாட்சியாகாது. இயற்கை வேளாண் இழைத் துணிகளுக்கான சர்வதேசத் தரமான ஜி.ஓ.டி.எஸ்.ஸுக்குக் குறைந்தது 70 சதவீதமும், 'ஆர்கானிக்' என்ற முத்திரைக்கு 95 சதவீதமும் இயற்கை வேளாண் இழை வேண்டும். நூற்பாலை சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் அந்த ஆலைக்குரியது. உங்கள் கைக்கு வந்த சரக்குக்கு உரியது, விற்கப்பட்ட சரக்குக்கென வழங்கப்படும் பரிவர்த்தனைச் சான்றிதழ்தான். அதிலுள்ள எடையையும் லாட் விவரத்தையும் அந்தச் சரக்குக்கான விலைப்பட்டியலோடு (இன்வாய்ஸ்) ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெட்டுக்கழிவை நிறவாரியாகவும் இழைவாரியாகவும் வெட்டு மேசையருகிலேயே பிரித்துவிடுங்கள். கலந்துவிட்டால் மறுசுழற்சி ஆலை எடுத்துக்கொள்ளத் தயங்கும்.

இத்தனைக்கும் ஆகும் செலவைப் பட்டறையின் தலையில் கட்டிவிட்டு விலையையும் குறைக்கச் சொன்னால் எதுவும் நடக்காது. ஓராண்டுக்கான ஆர்டர் உறுதியை எழுத்தில் கொடுங்கள். குறைந்த நீரில் ஓடும் இயந்திரத்துக்கு வங்கிக் கடன் கேட்கப் போகும்போது பட்டறைக்காரர் கையில் அந்தக் கடிதம் இருக்கும்.