கேஜ் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், புதிதாக நிட்டிங் கற்கும் ஒரு பெண் தன் முதல் ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள். “அளவு சரியாத்தான் எடுத்தேன் அக்கா. பேட்டர்ன்ல 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி. எனக்கும் 22தான் வந்துச்சு.” ஸ்வெட்டரைத் தொடங்கும் முன் அளவு பார்க்கப் பின்னும் சிறு மாதிரித் துண்டைக் கழுவினாயா என்று கேட்டேன். விழித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

மாதிரித் துண்டே போடாமல் ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. துண்டு போட்டு கேஜ் (10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்ற கணக்கு) எடுத்தும் ஏமாந்துபோகிறவர்களுக்காகத்தான் இது.

கழுவாமல் அளப்பது

என் இரண்டாவது ஸ்வெட்டருக்கு நானும் இதையேதான் செய்தேன். மார்புச் சுற்றளவு 100 செ.மீ., கேஜ் 22, ஆக 220 கண்ணி. மூன்று மாத உழைப்பு. போட்டுப் பார்த்தபோது கச்சிதமாக இருந்தது. அப்புறம் முதல்முறையாகத் தண்ணீரில் நனைத்தேன். வாளியிலிருந்து தூக்கும்போதே ஸ்வெட்டரின் கைகள் இரண்டும் கனத்துத் தொங்கின. காய்ந்ததும் அளந்தால் 10 செ.மீ.க்கு 20 கண்ணிதான். அதே 220 கண்ணி இப்போது 110 செ.மீ.!

காரணம் எளிது. பின்னும்போது நூலை விரலில் இழுத்துப் பிடிக்கிறோம், அந்த இறுக்கம் கண்ணிகளில் தங்கிவிடுகிறது. தண்ணீர் பட்டதும் இழை தளர்ந்து, கண்ணி தன் இயல்பான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வாஷிங் மெஷினில் போடலாம் என்று விற்கும் சூப்பர்வாஷ் கம்பளியில் இது இன்னும் அதிகம். கம்பளி இழைமேல் உள்ள செதில்களை நீக்கியோ மேல்பூச்சால் மூடியோ அதைத் தயாரிக்கிறார்கள். ஒன்றையொன்று பற்றிக்கொள்ள எதுவும் இல்லாததால் இழைகள் வழுக்கி நீள்கின்றன. பருத்தி நூல் சில சமயம் சுருங்கவும் செய்யும். எந்த நூல் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதைக் கழுவிய துண்டுதான் சொல்லும்.

“முதலில் பின்னி முடி, கடைசியில் கழுவி இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம்” என்று ஆரம்பநிலையினருக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஓரிரண்டு சென்டிமீட்டரை இழுத்துச் சமாளிக்கலாம். பத்து சென்டிமீட்டர் பெரிதாகிவிட்டதை எதை வைத்துச் சமாளிப்பது? பிரித்துத்தான் ஆக வேண்டும்.

ஆகவே ஸ்வெட்டரை எப்படிக் கழுவப் போகிறீர்களோ அப்படியே துண்டையும் கழுவுங்கள். உலர்ந்த டவலில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, இழுக்காமல் பரப்பி, முழுக்கக் காயவிட்டு அளங்கள். கனமான நூலென்றால் துண்டின் கீழ் ஓரத்தில் சில கிளிப்புகளை மாட்டி ஒரு நாள் தொங்கவிட்டும் பாருங்கள்.

முக்கியமான இன்னொன்று: கழுவும் முன் வந்த எண்ணையும் எழுதி வையுங்கள். ஊசியில் இருக்கும் துணி கழுவாத துணி. கழுவிய பின் 10 செ.மீ.க்கு 27 வரிசை என்றால் 40 செ.மீ. உயரத்துக்கு 108 வரிசை வேண்டும். கழுவும் முன் 30 வரிசை இருந்திருந்தால், அந்த 108 வரிசை ஊசியில் 36 செ.மீ.தான் காட்டும். டேப்பை வைத்து 40 வரும்வரை பின்னினால் நீளம் கூடிவிடும். வரிசையை எண்ணுங்கள்.

ஓரத்தைச் சேர்த்து அளப்பது

ஓரக் கண்ணிகள் எப்போதும் கோணலாகத்தான் வரும். 15 செ.மீ. அகலத்துக்குப் பின்னி, நடுவில் உள்ள 10 செ.மீ.யை மட்டும் எண்ணுங்கள்.

அரைக் கண்ணியை விட்டுவிடுவது

விடாதீர்கள். 10 செ.மீ.க்கு 20 என்பதற்கும் 20.5 என்பதற்கும் 220 கண்ணியில் வரும் வித்தியாசம் ஏறக்குறைய 2.7 செ.மீ.

வட்டமாகப் பின்னுவதற்கு, திருப்பித் திருப்பிப் பின்னிய துண்டு

பலருக்கு நிட் கண்ணி (நேர்க் கண்ணி) ஓர் இறுக்கத்திலும் பர்ல் கண்ணி (அதன் மறுபக்கம் போன்ற தலைகீழ்க் கண்ணி) வேறோர் இறுக்கத்திலும் வரும். ஸ்டாக்கினெட்டை (முன்பக்கம் முழுக்க நிட் கண்ணியாகத் தெரியும் பின்னல்) திருப்பித் திருப்பிப் பின்னினால் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல்; வட்டமாகப் பின்னினால் பர்ல் வரிசையே கிடையாது. எனவே துண்டிலும் ஒவ்வொரு வரிசை முடிவிலும் திருப்பாமல், கண்ணிகளை வட்ட ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்புறம் தளர்வாக நீளவிட்டு, மறுபடி நிட் வரிசையே போடுங்கள்.

வேறு ஊசியில் தொடர்வது

4 மி.மீ. மூங்கிலும் 4 மி.மீ. உலோகமும் ஒரே கேஜ் தரும் என்று நம்பாதீர்கள்.

குரோஷாவில் உயரத்தை ஊசியால் சரிசெய்யப் பார்ப்பது

குரோஷாவில், அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும்போது, அகலம் பொருந்தி, வரிசை உயரம் மட்டும் குட்டையாக வந்தால் பலர் உடனே பெரிய ஊசிக்குப் போகிறார்கள். அகலமும் கெட்டுப்போகிறது. உயரம் பெரும்பாலும், ஊசியை உள்ளே விட்டு நூலை இழுத்தபின் அந்த முதல் வளையத்தை எவ்வளவு மேலே தூக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கொஞ்சம் கூடுதலாகத் தூக்கி இன்னொரு துண்டு போட்டுப் பாருங்கள். பேட்டர்ன் பிரிட்டிஷ் முறையா அமெரிக்க முறையா என்பதையும் பார்த்துவிடுங்கள். பிரிட்டிஷ் டபுள் குரோஷா என்பது அமெரிக்கர்களின் சிங்கிள் குரோஷா. மாற்றிப் போட்டால் எந்த ஊசியிலும் அந்த வரிசைக் கணக்கு வராது.