டீக்கடையில் கேட்காமல் பஸ் நேரம் பார்க்க

எங்கள் ஊர் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த நேரத்தாளை யாரும் படிப்பதில்லை, டீக்கடையில்தான் கேட்பார்கள். 6.10, 6.45, 7.05 என்று நாற்பது நேரங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொடி எழுத்தில். ஜப்பானிய நிறுத்தங்களில் இருப்பதுபோல மாற்றிப் போட்டேன்: இடப்பக்கம் மணி பெரிதாக, அதற்கு நேரே நிமிடங்கள் மட்டும். 6 என்ற வரியில் 10, 45. அவ்வளவுதான்.

பஸ் போகும் வழியின் படம்தான் படுத்தியது. சாலையின் எல்லா வளைவையும் வரைந்துவிட்டு, பெயர் எழுத இடமில்லாமல் விழித்தேன். அப்புறம் ஹாரி பெக் வரைந்து 1933இல் வெளியான லண்டன் சுரங்க ரயில் வழித்தட வரைபடம் நினைவுக்கு வந்தது. அதில்போலவே தூரக்கணக்கை விட்டுவிட்டு, நேர்கோட்டில் சம இடைவெளியில் நிறுத்தங்களைப் போட்டேன். பெயர்கள் நடத்துநர் கூவுவதே: ஆலமரம், ரைஸ்மில்.

ஒரு தப்பு, லேமினேஷன். மதிய வெயிலில் மின்னி ஒன்றுமே தெரியவில்லை. பளபளப்பில்லாத உறை போட்டு மறுபடி ஒட்டினேன்.