கோஹால தமிழ் ஆசிரியர் பேரை ஏத்துறது எப்படி

எங்க சின்ன லைப்ரரிக்கு கோஹா (லைப்ரரி நடத்துற இலவச சாஃப்ட்வேர்) போட்டு தமிழ் புக்கெல்லாம் ஏத்துறப்ப ஒரு வாரம் முழிச்சேன், அதான் இந்த போஸ்ட். இன்ஸ்டால் பண்றதெல்லாம் உங்களுக்கே தெரியும், நேரா மார்க் (MARC, புக் விவரத்தை நம்பர் போட்ட கட்டங்கள்ல பதியுற முறை) ஸ்க்ரீனுக்கு வந்துடலாம்.

முதல்ல 245, அதாவது தலைப்புக்கான கட்டம். டைட்டில் பேஜ்ல "உ. வே. சாமிநாதையர்"னு இருந்தா அதுக்குள்ள ஆசிரியர் பேருக்குன்னு இருக்குற சி (c) சப்ஃபீல்டுல அப்படியே அடிங்க, பேரை முன்பின்னா திருப்பாதீங்க.

திருப்புறது 100-ல, ஆசிரியர் பேரை வெச்சு தேடுறதுக்கான கட்டம் அது. இங்கதான் நான் மாட்டுனேன். சர்நேம் முன்னாடி வரணும்னு படிச்சிருந்தேனா, நமக்கு ஏது சர்நேம், இனிஷியல்தான் குடும்பப் பேர்போலன்னு "உ. வே., சாமிநாதையர்"னு போட்டுட்டேன். உ-ன்னா உத்தமதானபுரம், வே-ன்னா அப்பா வேங்கடசுப்பையர். அப்ப மனுஷனை அவர் ஊர் பேர்ல தேடுன மாதிரி ஆயிடுச்சு! இதே மாதிரி முன்னூறு ரெக்கார்டு.

இத்தனைக்கும் வெளிநாட்டு ரூல் நம்மள அப்படி போடச் சொல்லவே இல்ல. 1961 பாரிஸ் கொள்கையிலயே (கேட்டலாக் போடுறதுக்கான சர்வதேச உடன்பாடு) ஆசிரியரோட நாட்டு வழக்கம், அது முடியலன்னா அவர் பொதுவா பயன்படுத்துற மொழி வழக்கம், அதுபடிதான் முதல் சொல்லை எடுக்கணும்னு இருக்கு. ஏஏசிஆர்2-ங்கிற (AACR2) கேட்டலாக் விதிப் புத்தகத்துலயும் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளப் பேருக்குன்னு தனி விதி (22.25) உண்டு, சர்நேம் இல்லன்னா சொந்தப் பேர்ல போடுன்னு.

அதனால 100-ல "சாமிநாதையர், உ. வே.", முதல் இண்டிகேட்டர் (பேர் எந்த வடிவத்துல இருக்குன்னு சொல்ற குறி எண்) 1. கமா போட்டு திருப்புனா 1, புதுமைப்பித்தன் மாதிரி திருப்பாம நேரா நின்னா 0.

அப்புறம் அத்தாரிட்டி ரெக்கார்டு (ஒரு ஆசிரியரோட எல்லாப் பேர் வடிவத்தையும் ஒண்ணா சேர்க்குற பதிவு) போட்டு, அதுல மாற்றுப் பேருக்கான 400-ல "சாமிநாத ஐயர், உ. வே.", "உ.வே.சா."ன்னு ஜனங்க தேடுற வடிவமெல்லாம் சேருங்க. இதை விட்டா மத்த வேலை வீண்.

தப்பா ஏத்துனதை கோஹாலயே ஒண்ணொண்ணா திருத்தாதீங்க, கண்ணு போயிடும். எக்ஸ்போர்ட் பண்ணி மார்க்எடிட்னு (MarcEdit) ஒரு சாஃப்ட்வேர்ல மொத்தமா மாத்துங்க, இலவசம்தான், எக்செல் பக்கம் மட்டும் போயிடாதீங்க.

அப்டேட்: லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல இருந்து இசட்39.50 (மத்த லைப்ரரி கேட்டலாக்ல தேடி ரெக்கார்டு எடுக்குற வழி) மூலமா ரெக்கார்டு இழுக்கப் பாத்தா சாமிநாதையர் கிடைக்கலன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. அங்க ரோமன் எழுத்துல ச-வுக்கு எஸ் (S) கிடையாது, சி (C) தான், அதனால அதுல தேடுங்க. 2013 மார்ச் 31-ல அவங்க ஏஏசிஆர்2-க்கு அடுத்து வந்த ஆர்டிஏ (RDA) விதிக்கு மாறிட்டாங்க, அதனால புது ரெக்கார்டுல பதிப்பக விவரம் 260-ல இல்லாம 264-ல இருக்கும், காணோம்னு மறுபடி அடிச்சிடாதீங்க.