பாசாவ் முதல் வியன்னா வரை: டான்யூப் கரையில் 7 நாள் சைக்கிள் பயணம், முதல்முறை போகிறவர்களுக்கு

ஆற்றங்கரைப் பாதையில் மேடு கிடையாது, அதனால் பயிற்சியே இல்லாமல் போகலாம் என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். மேடு இல்லாத பாதையில் இறக்கமும் இல்லை. மலைப்பாதையில் ஏறும்போது சீட்டை விட்டு எழுவோம், இறங்கும்போது கால் ஓய்ந்துவிடும். ஆற்றங்கரையில் மணிக்கணக்காக ஒரே உட்கார்வில் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல்முறை போகிறவர்களைப் படுத்துவது கால்வலி அல்ல. மரத்துப்போன உள்ளங்கையும் உட்காருமிடத்து எரிச்சலும்தான். கீழே சொல்லும் ஏற்பாடுகளில் பாதி இதற்காகவே.

ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை சுமார் 320 கி.மீ. அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை போகும் யூரோவெலோ 6 தடத்தில் இது ஒரு துண்டு. பெரும்பகுதி தார் போட்ட தனிப்பாதை. பல இடங்களில், குதிரைகளை வைத்துப் படகுகளை ஆற்றுக்கு எதிராக இழுத்த பழைய தடமே இன்று சைக்கிள் பாதையாகியிருக்கிறது. அதனால்தான் தண்ணீரை ஒட்டியே போகிறது.

படி 1: மாதமும் திசையும்

மே, ஜூன், செப்டம்பர் நல்லவை. ஜூலை, ஆகஸ்டில் வெயிலோடு அறைத் தட்டுப்பாடும் சேரும். திசை எப்போதும் பாசாவிலிருந்து வியன்னாவை நோக்கித்தான். நீரோட்டத்தோடு போனால் இறக்கம் கிடைக்கும் என்பது காரணமல்ல. மொத்தப் பாதைக்கும் சேர்த்து இறக்கம் சுமார் 140 மீட்டர்தான், காலுக்குத் தெரியவே தெரியாது. இங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று வீசும் என்பதே காரணம். திறந்தவெளியில் எதிர்காற்று பிடித்தால் 45 கி.மீ. நாள் 70 கி.மீ. மாதிரி ஆகிவிடும்.

படி 2: வாடகை சைக்கிள் எடுக்கும்போது

பாசாவில் எடுத்து வியன்னாவில் விட்டுவிடும் ஏற்பாடு கிடைக்கிறது. உங்கள் உயரத்தைச் சொல்லி முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். 28 அங்குலச் சக்கரம், 37 முதல் 42 மி.மீ. அகல டயர், மட்கார்டு, பின் கேரியர் உள்ள டூரிங் வண்டி போதும். கையில் வாங்கியதும் இவற்றைப் பாருங்கள்.

பிரேக்: நம்மூர் வண்டியில் வலது கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு. அங்கே பெரும்பாலும் இடது கைதான் முன்சக்கரத்துக்கு. பழக்கதோஷத்தில் இடதை இறுக்கிப் பிடித்தால் பின்சக்கரம் தூக்கிவிடும். சில வண்டிகளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தாலும் பிரேக் பிடிக்கும். சும்மா பின்னால் சுழற்றுகிற பழக்கம் இருந்தால் வண்டி சட்டென நின்றுவிடும். கிளம்புமுன் ஒரு காலி இடத்தில் பத்து நிமிடம் ஓட்டிப் பழகுங்கள். வலது பக்கம் போவதும் அதிலேயே பழகட்டும்.

சீட் உயரம்: சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் மடங்காமல் கால் நேராக வர வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது தேவையான மடிப்பு தானாக வந்துவிடும். சீட்டை மட்டமாக வையுங்கள். முன்மூக்கு கீழே சாய்ந்தால் உடம்பு வழுக்கி முன்னே போகும், பாரமெல்லாம் கையில் இறங்கும். கை மரத்துப்போவதற்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

காற்று: 40 மி.மீ. டயர், 75 கிலோ ஆள், 10 கிலோ சுமை என்றால் முன்னால் 45, பின்னால் 55 பி.எஸ்.ஐ. நல்ல தொடக்கம். டயரின் பக்கத்தில் அச்சிட்ட எல்லையைத் தாண்ட வேண்டாம். காற்று குறைந்தால் கல்லில் ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி இரண்டு பக்கமும் ஓட்டை விழும்.

படி 3: சுமை

பின் கேரியரின் இரு பக்கமும் இரண்டு பைகள், மொத்தம் 10 கிலோவுக்குள். முதுகில் எதையும் மாட்டாதீர்கள். எடை இரு பக்கமும் சமமாக, கனமான பொருள் பையின் அடியில் இருக்கட்டும். மாட்டியபின் பெடலை முழுச்சுற்று சுற்றி, குதிகால் பையில் இடிக்கிறதா பாருங்கள். இடித்தால் பையைப் பின்னுக்குத் தள்ளுங்கள். கேரியரில் கட்டும் எலாஸ்டிக் கயிற்றின் நுனி தொங்கக்கூடாது, சக்கரத்தில் சுற்றினால் பயணம் அங்கேயே முடியும்.

பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டை இரண்டு, உள்ளாடை இல்லாமல் அணிய வேண்டும். தையல் உரசித்தான் புண்ணாகிறது. மழைச்சட்டை, இரண்டு தண்ணீர் பாட்டில், முன் பின் விளக்கு, மணி, பூட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரியாவில் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். பெரியவர்களும் போடுங்கள்.

படி 4: பஞ்சர் ஒட்டப் பழகுங்கள்

ஹப்புக்குள் (சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்) கியர் உள்ள வண்டியில் பின்சக்கரத்தைக் கழற்றினால் கியர் கேபிளையும் கழற்ற வேண்டும். அந்த வம்பே வேண்டாம். நம்மூர் சைக்கிள் கடைக்காரர் செய்வதுபோல, சக்கரத்தைக் கழற்றாமலே ஒட்டலாம். காற்றை முழுக்க இறக்கி, இரண்டு லிவர்களால் டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்முக்கு வெளியே எடுத்து, டியூபை இழுங்கள். கொஞ்சம் காற்றடித்து, பாட்டில் தண்ணீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகப் பூசி, பளபளப்பு மங்கும்வரை காத்திருங்கள். ஐந்து நிமிடமாவது ஆகும். ஈரத்தோடு ஒட்டிய பேட்ச் அடுத்த ஊருக்குள் உரிந்துவிடும். டியூபை உள்ளே போடுமுன் டயரின் உட்புறம் முழுவதையும் விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முள்ளோ கண்ணாடித் துகளோ அங்கேயே இருந்தால் அதே இடத்தில் மறுபடி பஞ்சர். கடைசியாக, டயர் விளிம்புக்கு அடியில் டியூப் சிக்கியிருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் காற்றடியுங்கள். பம்பு உங்கள் வால்வுக்குப் பொருந்துகிறதா என்பதை பாசாவிலேயே சோதித்துவிட வேண்டும்.

படி 5: நாள் கணக்கு

மணிக்கு 14, 15 கி.மீ. வேகம் போதும். நிறுத்தங்களோடு கணக்குப் போட்டால் மணிக்குப் பத்து என்று வையுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று அரை நிமிடம் மிதியுங்கள். கை பிடியையும் மாற்றுங்கள். இதை வலி வந்தபின் செய்து பயனில்லை.

*முதல் நாள், பாசாவ்–ஷ்லோகன், சுமார் 43 கி.மீ.* டான்யூப், இன், இல்ட்ஸ் என்ற மூன்று ஆறுகள் கலக்கும் ஊர் பாசாவ். வடகரையில் ஓபர்ன்செல், யோகன்ஸ்டைன் வழியாகப் போய், நீடர்ரன்னா பாலத்தில் தென்கரைக்கு மாறிவிடுங்கள். மாறாமல் போனால் ஷ்லோகனுக்கு எதிரே பாதை முடிந்துவிடும். அப்புறம் படகை நம்பித்தான் இருக்க வேண்டும். இங்கே ஆறு கிரானைட் மலையைச் சுற்றித் திரும்பி வந்த திசைக்கே போகிறது. அதை மேலிருந்து பார்க்க அரை மணி நேரம் ஏறி நடக்க வேண்டும். கால் வலித்தாலும் விடாதீர்கள்.

*இரண்டாம் நாள், லின்ஸ், சுமார் 52 கி.மீ.* ஆஷாக் வரை தென்கரை. ஓட்டன்ஸ்ஹைமில் உள்ள படகுக்கு எஞ்சின் இல்லை. குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு, நீரோட்டம் தள்ளும் வேகத்திலேயே அக்கரை சேரும்.

*மூன்றாம் நாள், கிரைன், சுமார் 62 கி.மீ.* இதுதான் நீளமான நாள், காலை எட்டுக்குள் கிளம்புங்கள். வழியில் மவுட்ஹவுசன். 1938-இல் நாஜிகள் அமைத்த வதைமுகாம் 1945 மே 5 அன்று விடுவிக்கப்பட்டது, இப்போது நினைவிடம். ஊருக்கு மேலே செங்குத்தான ஏற்றத்தில் இருக்கிறது, வண்டியைத் தள்ளித்தான் போக முடியும். அவசரமாகப் பார்க்கிற இடமல்ல. அரை நாள் ஒதுக்க முடிந்தால் பயணத்தை எட்டு நாளாக்குங்கள்.

*நான்காம் நாள், மெல்க், சுமார் 48 கி.மீ.* கிரைனுக்குக் கீழே வடகரையில் நெடுஞ்சாலை ஓடுகிறது. தென்கரை அமைதி, அதையே எடுங்கள். மெல்கில் பெனடிக்டைன் துறவிகள் 1089 முதல் இருக்கிறார்கள். இப்போதைய மடம் 18-ஆம் நூற்றாண்டுக் கட்டடம்.

*ஐந்தாம் நாள், கிரெம்ஸ், சுமார் 38 கி.மீ.* 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வாஹாவ் பள்ளத்தாக்கு. இந்த ஒரு நாளுக்காகவே மொத்தப் பயணமும் போகலாம். தென்கரையில் ஆப்ரிகாட் தோட்டங்கள் வழியே ஆர்ன்ஸ்டார்ஃப் வரை போய், படகில் ஷ்பிட்ஸுக்குக் கடந்து, வடகரையில் திராட்சைத் தோட்டங்கள் நடுவே டியூர்ன்ஷ்டைன் வாருங்கள். இங்கிலாந்து மன்னர் சிங்கநெஞ்சன் ரிச்சர்டு 1192-இல் சிறைவைக்கப்பட்ட கோட்டை அங்கே மேலே இடிந்து நிற்கிறது. ஊருக்குள் கல் பாவிய தெரு, ஈரத்தில் வழுக்கும், இறங்கித் தள்ளுங்கள். படகுகள் பருவத்துக்கு ஏற்ற நேரத்தில்தான் ஓடும், கடைசிப் படகு நேரத்தை முந்தைய இரவே விசாரித்து வையுங்கள்.

*ஆறாம் நாள், துல்ன், சுமார் 45 கி.மீ.* நேரான கரை, நிழல் குறைவு. தண்ணீரை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். ஆல்டன்வொர்த் அணைமேல் தென்கரைக்குக் கடந்தால் சுவென்டன்டார்ஃப் அணுமின் நிலையம் வரும். கட்டி முடித்தும், 1978 நவம்பர் வாக்கெடுப்பில் மக்கள் வேண்டாம் என்றதால் ஒருநாளும் ஓடாத நிலையம்.

*ஏழாம் நாள், வியன்னா, சுமார் 38 கி.மீ.* கிளாஸ்டர்நியூபர்க் தாண்டியதும் டான்யூப் கால்வாயோரப் பாதையைப் பிடித்தால் நகர நெரிசலில் சிக்காமல் மையத்துக்கே போய்விடலாம்.

வழி தவறாமலிருக்க

கரையோரம் கிலோமீட்டர் பலகைகள் இருக்கும். எண்கள் ஆறு கடலில் கலக்கும் இடத்திலிருந்து தொடங்குவதால் போகப்போகக் குறையும்: லின்ஸில் 2135, வியன்னாவின் ரைக்ஸ் பாலத்தில் 1929. 'உம்லைட்டுங்' என்று பலகை இருந்தால் மாற்றுவழி. அதைத் தட்டிக்கழிக்காதீர்கள், வெள்ளம் வடிந்த பிறகும் தாழ்ந்த பாதைகளில் சேறு கிடக்கும். 2013 ஜூனில் பாசாவில் வெள்ளம் 12.89 மீட்டர் வரை ஏறியது. தொடர்மழைக்குப் பிறகு போகிறவர்கள் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சனி மாலைக்குள் ரொட்டி, பழம் வாங்கி வையுங்கள். ஒரு நாள் முடியவில்லை என்றால் ரயில் உண்டு. உள்ளூர் ரயிலில் இடமிருந்தால் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுத்து ஏற்றலாம். விரைவு ரயிலில் சைக்கிளுக்கு முன்பதிவு வேண்டும். ஏற்றுமுன் பைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சில பெட்டிகளில் வண்டியைக் கொக்கியில் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டியிருக்கும்.