போர்ட்ஃபோலியோவில் காட்ட ஒன்றுமில்லாமல் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர் இன்டர்வியூ

பெரிய ஐடி கம்பெனி ஒன்றில் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர் (பயிற்சிப் பாடங்களை வடிவமைப்பவர்) வேலைக்கு இன்டர்வியூ. போர்ட்ஃபோலியோ கேட்டார்கள். நான் செய்த கோர்ஸ் எல்லாம் வாடிக்கையாளர்களுடையவை. ரகசிய ஒப்பந்தம் இருப்பதால் ஒரு ஸ்கிரீன்ஷாட்கூட வெளியே காட்ட முடியாது.

அதனால் புதிதாக ஒன்று செய்தேன். யுபிஐயில் பணம் பெற பின் நம்பர் போடத் தேவையில்லை என்று கடைக்காரர்களுக்குச் சொல்லித்தரும் குட்டிப் பாடம். ஆன்லைன் பாடம் செய்யும் மென்பொருளான ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைனின் இலவச ட்ரையலிலேயே முடிந்துவிட்டது. பாடத்தில், "பணம் வரணும்னா பின் போடுங்க" என்கிறான் போனில் ஒருவன். போட்டால் கணக்கிலிருந்து பணம் போவது திரையில் தெரியும், விளக்கமெல்லாம் அப்புறம்தான். கூடவே ஸ்டோரிபோர்டும் (ஒவ்வொரு திரையிலும் என்ன வரும் என்ற வரைவு), எதை ஏன் வெட்டினேன் என்ற குறிப்புகளும்.

அனிமேஷனை யாரும் சீண்டவே இல்லை (அதற்குத்தான் அதிகம் மெனக்கெட்டிருந்தேன்). கேள்வி முழுக்க அந்தக் குறிப்புகளைப் பற்றித்தான். அப்புறம், பலனை எப்படி அளப்பீர்கள் என்றார்கள். பயிற்சியின் பலனை அளக்க கிர்க்பாட்ரிக் வகுத்த 4 நிலைகளை வெறுமனே ஒப்பித்தால் விடமாட்டார்கள். மூன்றாவது நிலையில், அதாவது வேலையில் நடத்தை மாறியதா என்பதில்தான் தோண்டுவார்கள். கடைக்காரர்களிடம் முன்பே ஒப்புதல் வாங்கி, ஒரு மாதம் கழித்து மாதிரி மோசடி அழைப்பு விட்டுப் பார்ப்பேன் என்றேன். அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டார்கள். அது சம்பளப் பேச்சு, தனிக் கதை.